முயல் ஃபேக்டரியில் ஒரு மில்லிமீட்டர் கொலை

செல்போன் அலறியது.

ஷட்டில் ஆடிக் களைத்துப் பெஞ்சில் சாய்ந்திருந்த இன்ஸ்பெக்டர் செல்லதுரை, கழுத்து வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே எடுத்தார். ஊட்டிக் குளிரிலும் வியர்க்க வியர்க்க ஆடியிருந்தார். அரங்கத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு ஐந்து.

"சொல்லு மோசஸ்."

மறுமுனையில் எமரால்டு ஸ்டேஷன் ஏட்டு மோசஸ். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நாலு வார்த்தை பேசுகிற ஆள்.

"முயல் ஃபேக்டரியில ஒரு பொணங்கய்யா."

"முயல் செத்ததுக்கெல்லாம் எனக்கு போன் பண்ணுவியா?"

"மனுஷப் பொணம். டாக்டர் ராஜப்ரியா. மண்டையில அடி."

செல்லதுரை சட்டென்று நிமிர்ந்தார். பெஞ்சின் மறு கோடியில் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார்.

டாக்டர் தரணிதரன். ஐம்பத்திரண்டு வயது. கோயமுத்தூர்க்காரர். முயல் ஃபேக்டரியின் டைரக்டர்!

"என்னாச்சுங்க இன்ஸ்பெக்டர்?"

"உங்க லேப்ல கொலைங்க டாக்டர். ராஜப்ரியா."

தரணிதரனின் கையிலிருந்த லேஸ் நழுவியது. "ப்ரியாவா..." என்றார்.

ஜீப் பறந்தது.

முயல் ஃபேக்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எமரால்டு அணைக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி பல வருடங்களாக மூடிக் கிடந்தது. அதை ஒரு மருந்துக் கம்பெனி வாங்கி லேப் ஆக்கியது. வாசலில் நீளமாக ஓர் ஆங்கிலப் போர்டு. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை. உள்ளே முயல்கள் இருந்தன. ஆகவே ஊர்க்காரர்கள் முயல் ஃபேக்டரி என்றார்கள். குள்ளமாக இருக்கிற குழந்தைகளை உயரமாக்க ஒரு சிரப் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சிரப்பை முயல்குட்டிக்குப் புகட்டி, அதன் கால் எலும்பு ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்று தினமும் அளப்பார்கள். அவ்வளவுதான் தொழில்.

அளந்துகொண்டிருந்தவள் இப்போது குளிர் அறையில் கிடந்தாள்.

குப்புற. பின்மண்டையில் உறைந்த ரத்தம். பக்கத்தில் பழைய தேயிலைத் தராசின் ஐந்து கிலோ எடைக்கல், சுத்தமாகத் துடைக்கப்பட்டு! ராஜப்ரியாவுக்கு வயது முப்பத்தாறு. லேப் காம்பவுண்டுக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் தனியாகக் குடியிருந்தவள்.

மோசஸ் குனிந்து கையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒடம்பு வெறச்சிருக்குங்கய்யா. நேரமாயிருக்கும்."

"குளிர் அறையில கிடந்தா வெறைக்காம என்னுங்க பண்ணும்?" என்றார் தரணிதரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ள நாலு டிகிரி."

செல்லதுரை ஊட்டி ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் போட்டார். குளிர் அறையில் கிடந்த உடம்புக்கு வெறும் கண்ணால் நேரம் சொல்ல முடியாது, அறுத்துப் பார்த்த பிறகுதான் என்றார் அவர். நாளைக்குத்தான் தெரியும்.

செல்லதுரைக்கு நாளை வரைக்கும் பொறுமை கிடையாது.

"பொணத்தைப் பாத்தது யாரு?"

"நான்தானுங்க."

சுவரோரம் நின்றிருந்த பெண் சொன்னாள். வாசுகி. இருபத்தாறு வயது. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா வேலாயி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். வாசுகிக்கு இங்கே முயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடும்பத்தில் கொழுந்துக் கூடை தூக்காத முதல் ஆள் அவள்தான்.

செல்லதுரை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து ஸ்கூட்டி காணோம்னு ஸ்டேஷனுக்கு வந்தவதானே நீ?"

"ஆமாங்க. அஞ்சு மணிக்கு வந்தேன். எட்டு மணி வரைக்கும் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு நாளைக்கு வான்னீங்க."

"வாய் ரொம்ப நீளம் உனக்கு. இன்னிக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தே?"

"ஏழரைக்குங்க. அளவு ரூமுக்குப் போனேன். மேடம் இல்லீங்க. முயலெல்லாம் கூண்டுலதான் இருந்துச்சு. மெஷின் ஆஃப்ல இருந்துச்சு. சரி, அளந்து முடிச்சுட்டு ரூமுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். முயலுக்குக் கோஸ் இலை எடுக்க குளிர் அறையைத் திறந்தேன்... பாத்துட்டேன்."

"ஏழரைக்கு மெஷின் ஆஃப்ல இருந்துச்சா?"

"ஆமாங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னங்க இருக்கு? ஆஃப்லதான் இருந்துச்சு."

தரணிதரன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "இன்ஸ்பெக்டர்... சித்த அளவு ரூமுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

அளவு ரூமில் ஒரு மேஜை. மேஜையில் முயலை உட்கார வைக்கும் ஒரு மரப்பெட்டி. பெட்டியில் இருக்கிற துளை வழியாக முயலின் பின்னங்கால் வெளியே வரும். குதிகாலுக்கு ஒரு தகடு, முட்டிக்கு ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கால் மெஷின் அளக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கிற மெஷின்! பட்டனை அழுத்தினால் அளவு நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். கையால் டைப் அடித்து ஏமாற்ற முடியாது.

தரணிதரன் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வரிசையாக நேரங்கள்.

"பாருங்க. இன்னிக்கு காலைல ஏழு ரெண்டுக்கு முதல் முயல். ஏழு நாப்பத்தொண்ணுக்கு இருபத்துநாலாவது முயல். ப்ரியாவோட கணக்குல பதிவாயிருக்கு. ஏழு நாப்பத்தொண்ணு வரைக்கும் ப்ரியா உயிரோட இருந்திருக்காங்க."

செல்லதுரை திரும்பினார். வாசுகியின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"ஏழரைக்கு மெஷின் ஆஃப்ல இருந்துச்சா?"



"சத்தியமாங்க சார்..."

"மோசஸ், கேட் ரிஜிஸ்டர் என்ன சொல்லுது?"

"வாச்மேன் ரொனால்ட் எழுதியிருக்காருங்கய்யா. டைரக்டர் நேத்து சாயங்காலம் ஏழு இருபதுக்கு ஊட்டிக்குக் கெளம்பிட்டார். இந்தப் பொண்ணு நேத்து நாலு மணிக்குப் போயி, இன்னிக்கு ஏழரைக்கு வந்திருக்கு. வேற யாரும் வரல, போகல. ரொனால்ட் கேட்டை விட்டு நகரல. பால்காரர்கிட்ட பேசிட்டு நின்னதைப் பால்காரரும் சொல்றாரு."

"ஆக, ஏழு நாப்பத்தொண்ணுல இருந்து இவ கத்தின ஏழு அம்பது வரைக்கும் உள்ள இருந்தது ரெண்டே பேர். ஒருத்தி செத்துட்டா."

தரணிதரன் தயக்கமாகச் சொன்னார். "சொல்லக் கூடாதுதான்... ப்ரியா நேத்து மத்தியானம் இவ மேல எழுதிக் குடுத்தாங்க. அடிக்கடி லேட், எதிர்த்துப் பேசறா, வேலையை விட்டு நிறுத்தணும்னு. லெட்டர் என் டேபிள்ல இருக்குங்க."

"இது போதும்."

செல்லதுரை செல்போனை எடுத்தார். ஊட்டி மகளிர் ஸ்டேஷனுக்கு அடித்தார்.

"ஒரு பொம்பளை அக்யூஸ்ட். ரெண்டு மகளிர் போலீஸ் வேணும். எமரால்டு, முயல் ஃபேக்டரி. எவ்வளவு நேரம்? முக்கால் மணியா? சரி."

முக்கால் மணி!

வாசுகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் வண்டி வரும். ஏற்றிக்கொண்டு போவார்கள். வேலை போகும், பேர் போகும். அம்மா லயன் வீட்டு வாசலில் நின்று யாரிடம் போய் முட்டுவாள்? கொலைக் கேஸுக்கு வக்கீல் வைக்கிற குடும்பமா அது? உள்ளே போனால் வெளியே வருகிற வழி அவளுக்குத் தெரியவில்லை.  பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"அவங்களை எனக்குப் பிடிக்காதுங்க," என்றாள்.

செல்லதுரை ஆச்சரியமாகப் பார்த்தார். "இதை எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. ஒரு நாள்கூட சிரிச்சுப் பேசினதில்ல. அஞ்சு நிமிஷம் லேட்டானா அஞ்சு நாளைக்குத் திட்டுவாங்க. ஆனா அவங்க அளவுல பொய் இருக்காது. அதுக்காகவே அவங்களைக் கொன்னிருப்பாங்க."

"யாரு?"

வாசுகி திரும்பினாள். தரணிதரனைப் பார்த்தாள். பார்வையே போதுமாக இருந்தது.

"என்ன புள்ள பேசற நீ?" தரணிதரனின் குரல் உயர்ந்தது.

"சொல்றேனுங்க. போன தடவை ஒரு பேட்ச் முயலுக்கு சிரப் குடுத்தோம். நாலு வாரம் அளந்தோம். நல்லா வளர்ந்துச்சு. சிரப் குடிக்காத முயலைவிட மடமடன்னு. நாலு வாரத்தோட எல்லாத்தையும் ஊசி போட்டு முடிச்சுருங்கன்னு டைரக்டர் சார் சொன்னார். மேடம் ஒரு ஆறு முயலை மட்டும் விட்டு வெச்சு, மேல் மாடியில ஒளிச்சு, தினமும் அளந்துட்டே இருந்தாங்க. நான்தான் இலை போட்டேன்."

"அளந்து?"

"ஆறாவது வாரம் வளர்ச்சி நின்னு போச்சுங்க. சுத்தமா நின்னு போச்சு. எலும்போட முனை மூடிக்கிச்சுன்னு மேடம் சொன்னாங்க. இனி அது ஜென்மத்துக்கும் வளராது. சிரப்பே குடிக்காத முயல் இப்ப அதைவிட உசரம். இதை உங்க வீட்டுக் குழந்தைக்குக் குடுத்தா ஒரு மாசம் வளரும், அப்புறம் அப்படியே நின்னுரும்."

 மோசஸுக்கு நாலாம் வகுப்பில் ஒரு பேத்தி உண்டு, வகுப்பிலேயே குள்ளம். அவர் தரணிதரனை வெறித்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் மீட்டிங்ல, சிரப் சரியா இருக்குன்னு மேடம் கையெழுத்துப் போட்டா குழந்தைங்களுக்குக் குடுத்துப் பாக்க ஆரம்பிச்சுருவாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு மேடம் நேத்து சொன்னாங்க. நான் கதவுக்கு வெளிய நின்னேன். கேட்டேன்."

தரணிதரன் சிரித்தார். படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஆறு முயல வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியாதுங்க இன்ஸ்பெக்டர். அது சயின்ஸ் இல்ல. கருத்து வேறுபாடு எல்லா லேப்லயும் உண்டு. அதுக்காக யாராவது கொலை பண்ணுவாங்களா? அதெல்லாம் விடுங்க. ஏழு மணியிலருந்து ஏழே முக்கால் வரைக்கும் நான் எங்க இருந்தேன்?"

செல்லதுரைக்குச் சிரிப்பு வந்தது. "என்கூட ஷட்டில் ஆடிட்டு இருந்தீங்க. மூணு செட். ரெண்டுல என்கிட்டத் தோத்தீங்க."

"ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைவிடப் பெரிய சாட்சி வேணுமா புள்ள?"

வாசுகி விடவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாதுங்க. ரகசியம் வெளிய போயிரும்னு இவர்தான் புடுங்கிவிட்டார். நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல கடிகாரத்தை யார் வேணா மாத்தலாம். நேத்து சாயங்காலமே மேடத்தைக் கொன்னுட்டு, கடிகாரத்தை இன்னிக்குக் காலைல ஏழு மணிக்குத் திருப்பி வெச்சு, மேடம் திறந்து வெச்சிருந்த கணக்குலயே முயலையெல்லாம் அளந்துட்டு, பழையபடி திருப்பி வெச்சுட்டுப் போயிருக்கலாம்."

"கதை விடாதே."

"கதை இல்லீங்க சார். பாத்துரலாம். காலைலதான் கால் நீளமா இருக்கும். நாள் பூரா குதிச்சு, உக்காந்து, மூட்டு அமுங்கி, சாயங்காலம் கொஞ்சம் குறைஞ்சுரும். மனுஷனுக்கும் அப்படித்தான். அதனாலதான் ஏழு மணிக்கே அளக்கணும்னு இங்க ரூல். இன்னிக்குப் பதிவான அளவெல்லாம் நேத்தைவிடக் குறைஞ்சிருந்தா, அது சாயங்காலம் அளந்தது. எலும்பு ஒரே நாள்ல குட்டையாகாது."

செல்லதுரை முதல் முறையாகக் கொஞ்சம் யோசித்தார். "அப்படியாங்க டாக்டர்?"

"அப்படித்தானுங்க." தரணிதரன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அந்த ரூலைப் போட்டதே நான்தான். நூத்தம்பது முயலை வெச்சு நான் எழுதின கட்டுரை. இந்தச் சாதி முயலுக்குச் சாயங்காலம் சராசரியா பாயிண்ட் மூணு ஒண்ணு மில்லிமீட்டர் குறையும். அந்த நம்பரைக் கண்டுபிடிச்சவன் நான். இந்தப் பொண்ணு எனக்கே பாடம் எடுக்குது."

"அப்ப ஃபைலைத் திறங்க."

"தாராளமா."

நேற்றைய அளவு இடது பக்கம். இன்றைய அளவு வலது பக்கம்.

வாசுகி குனிந்து பார்த்தாள். ஒன்றாம் நம்பர் முயல்... கூடியிருந்தது. இரண்டு... கூடியிருந்தது. ஐந்து... பத்து... இருபத்துநாலு...

ஒன்றுகூடக் குறையவில்லை! எல்லா முயலும் வழக்கம் போல நேற்றைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

வாசுகிக்குக் கண் இருட்டியது.

"திருப்திதானே?" என்றார் தரணிதரன். "காலைல அளந்தது. ப்ரியா அளந்தது. அதுக்கப்புறம் இவ அடிச்சது."

"கையக் கட்டிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு," என்றார் செல்லதுரை. "இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, பல்லு இருக்காது."

வெளியே ஏற்றத்தில் ஒரு வேனின் இரைச்சல் கேட்டது. தூரத்தில்தான். ஆனால் அந்த ரோட்டில் முயல் ஃபேக்டரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

வாசுகி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு அது ஆஃபில் இருந்தது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். ஆகவே அது காலையில் அளந்த அளவு இல்லை. சாயங்காலம் அளந்தால் குறைய வேண்டும். குறையவில்லை. முயல் பொய் சொல்லாது...

அப்படியானால் பொய் சொல்வது மெஷின்!

அவள் எழுந்தாள்.

"சார். கடைசியா ஒண்ணே ஒண்ணு."

"உக்காருன்னேன்."

"நான் எதையும் தொடலீங்க சார். ஏட்டய்யா தொடட்டும். அந்த டிராயர்ல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதுல ஒரு எஃகுக் கம்பி. சரியா நூறு மில்லிமீட்டர். தினமும் முதல் முயலுக்கு முன்னாடி அந்தக் கம்பியை அளக்கணும். நூறுன்னு காட்டினாத்தான் மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். மேடம் அதைப் பண்ணாம ஒரு முயலைத் தொட மாட்டாங்க. அவங்களுக்கு லீவுன்னா நான் பண்ணுவேன்."

தரணிதரன் குறுக்கே வந்தார். வேகமாக வந்தார்.

"இன்ஸ்பெக்டர், இது எவிடன்ஸ். கைரேகை எடுக்காம மெஷினைத் தொடக் கூடாதுங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

இத்தனை நேரம் கம்ப்யூட்டரை இஷ்டத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த மனிதர்! செல்லதுரை முரடர்தான், முட்டாள் இல்லை. தரணிதரனின் நெற்றியில் பூத்திருந்த வியர்வையை ஒரு விநாடி பார்த்தார். மூன்று செட் ஆடியபோதுகூட அந்த நெற்றி வியர்க்கவில்லை.

"மோசஸ். கையுறை போட்டுட்டு அந்தக் கம்பியை எடு."

மோசஸ் எடுத்தார். டிராயரில் பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டும் இருந்தது. பிரித்தார். தேதி வாரியாக, ராஜப்ரியாவின் கையெழுத்தோடு, ஒவ்வொரு வரியிலும் 100.00.

"நேத்து காலைல நூறுங்கய்யா. முந்தா நாள் நூறு. இன்னிக்கு..." அவர் நிறுத்தினார். "இன்னிக்குத் தேதியில எதுவும் எழுதலைங்கய்யா."

"கம்பியை வை."

மோசஸ் மெஷினை ஆன் செய்தார். கம்பியைத் தகடுகளுக்கு நடுவில் வைத்தார். பட்டனை அழுத்தினார்.

பச்சை எழுத்தில் நம்பர் விழுந்தது.

100.31.

மோசஸ் கம்பியை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

100.31.

"ஏனுங்க டாக்டர்," என்றார் மோசஸ், ரொம்ப மரியாதையாக. "இரும்புக்கும் சிரப் குடுத்தீங்களா?"

தரணிதரன் கம்பியையே பார்த்தார்.

"மெஷின்னா... சில சமயம் அப்படித்தான் விலகிப் போகும். கரண்ட் ஏறி இறங்கினா..."

"ஏறி இறங்கி சரியா பாயிண்ட் மூணு ஒண்ணுல வந்து நிக்குமாங்க சார்?" வாசுகியின் குரல் நடுங்கியது. பயத்தால் இல்லை. "சாயங்காலம் கால் குறையும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். எவ்வளவுன்னு நம்பரோட மனப்பாடமாத் தெரிஞ்சது உங்களுக்குத்தான். சாயங்காலம் அளந்தா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சே, மெஷினோட ஜீரோவை அந்த அளவுக்குத் தள்ளி வெச்சுட்டு அளந்திருக்கீங்க. அதான் முயலெல்லாம் காலை நேரத்துக் கால் மாதிரியே காட்டுது."

"உளறாதே. அளந்து முடிச்சு ஆஃப் பண்ணினா ஜீரோ தானா..."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு விநாடி தாமதமாக மூடிக்கொண்டார்.

"தானா பழைய இடத்துக்கு வந்துரும்," என்று வாசுகி முடித்து வைத்தாள். "பழைய மெஷின்ல வந்துரும். நீங்க கடைசியா முயலைத் தொட்டப்ப இருந்தது பழைய மெஷின். இது போன வருஷம் வந்தது. இதை நாமதான் திருப்பணும். நீங்க ஏ.சி. ரூம்ல கிராஃப் பாத்துட்டு இருந்தீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவளே பண்ணியிருக்கலாம்!" தரணிதரன் கத்தினார். "ஏழரையிலருந்து இங்கதானே இருந்தா. இவளே ஜீரோவை மாத்தி என்மேல பழியப் போடறா!"

"ஏட்டய்யா, அந்த மஞ்ச பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க. கடைசியா ஜீரோவை எப்ப மாத்தினாங்கன்னு மெஷினே சொல்லும். மெஷினுக்குள்ள இருக்கற கடிகாரம் வேற, கம்ப்யூட்டர் கடிகாரம் வேற."

மோசஸ் அமுக்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நேத்து தேதிங்கய்யா. சாயங்காலம் ஆறு இருபத்தொண்ணு."



"ஆறு இருபத்தொண்ணுக்கு இந்தப் பொண்ணு எங்க இருந்துச்சு மோசஸ்?"

"நம்ம ஸ்டேஷன் பெஞ்சுலங்கய்யா. ஐயாதான் உக்கார வெச்சீங்க. நான் ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்."

"டாக்டர் எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டினாரு?"

"ஏழு இருபது."

"இருபத்துநாலு முயலை அளக்க முப்பத்தொம்பது நிமிஷம்." செல்லதுரை மெதுவாகத் திரும்பினார். அவர் முகம் கறுத்திருந்தது. வாசுகிமேல் காட்டிய கோபமெல்லாம் இதற்கு முன்னால் சும்மா. "ஏன்யா... முதுகு வலி, முதுகு வலின்னு ஒரு மாசமா ஷட்டில் கோர்ட் பக்கமே வராத ஆளு நீ. நேத்து எட்டரை மணிக்கு நீயா போன் பண்ணி, காலைல கரெக்டா ஏழு மணிக்கு வந்துருங்கன்னு கூப்பிட்டே. பெரிய டாக்டர் கூப்பிடறாரேன்னு நானும் புது ஷூ போட்டுட்டு வந்தேன். என்னையே சாட்சியா வெச்சியா? ரெண்டு செட்டு வேணும்னே தோத்தியா?"

அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது போலிருக்கிறது.

தரணிதரன் வாசலைப் பார்த்தார். வாசலில் இரண்டு மகளிர் போலீஸ் நின்றிருந்தார்கள். வேன் வந்து நின்ற சத்தம் யார் காதிலும் விழவில்லை.

"அக்யூஸ்ட் யாருங்க சார்?" என்றாள் ஒருத்தி, வாசுகியை நோக்கி நகர்ந்துகொண்டே.

"அந்தப் பொண்ணு இல்லம்மா. அந்த ஆம்பளை. நீங்க சும்மா நில்லுங்க, மோசஸ் பாத்துக்குவாரு."

மோசஸ் விலங்கை எடுத்தார்.

தரணிதரன் நாற்காலியில் சரிந்தார். பன்னிரண்டு வருடம் கட்டிய கோட்டை ஒரு நாலங்குலக் கம்பியில் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

"நாலு வாரத்தோட நிறுத்துன்னு சொன்னேன்," என்றார் தரையைப் பார்த்து. "கேக்கல. ஆறு முயலைத் தூக்கிட்டு வந்து வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் வெப்பேன்னா. அந்த நேரம் கதவுக்கு முட்டுக் குடுத்திருந்த எடைக்கல்லுதான் கைக்குக் கிடைச்சது."

"குழந்தைங்களுக்குக் குடுக்கப் போறோம்னு தெரிஞ்சுமா?" என்றாள் வாசுகி.

வாசுகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாளும் சிரித்துப் பேசாத, நேற்று மத்தியானம் தன் வேலைக்கே உலை வைத்த ஒருத்திக்காக அவள் அழுதாள். மேல் மாடியில் ஆறு முயல் பசியோடு இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏ புள்ள," என்றார் செல்லதுரை. மன்னிப்புக் கேட்கிற குரல் அவருக்கு அமையவில்லை. முயன்றும் பார்க்கவில்லை. "அந்த ஆறையும் பத்திரமா பாத்துக்க. கோர்ட்டுக்கு வரணும்."

"நீங்க பத்திரமா பாத்துக்க வேண்டியவரை முதல்ல பாருங்க சார்," என்று சொல்லிவிட்டு, அவள் படி ஏறிப் போனாள்.

விலங்கு பூட்டப்பட்ட கைகளைத் தரணிதரன் நம்பமுடியாமல் பார்த்தார். மெஷினில் இன்னும் அந்தப் பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

"பாயிண்ட் மூணு ஒண்ணு மில்லிமீட்டர்..." என்று முனகினார். "ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குகூட இல்லீங்க. அந்தத் துளியூண்டு அளவுக்குப் போயி ஒரு மனுஷனைத் தூக்குல போடுவீங்களா இன்ஸ்பெக்டர்?"

செல்லதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க டாக்டர். கயித்தை நாங்க மில்லிமீட்டர்ல அளக்கறதில்ல. எல்லாம் குத்துமதிப்புதான்!"